பெரியவள் மாற்றிய ஹேண்டில்பார்

பெரியவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்து வரிசையில் நிற்கட்டும். ஊரில் மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். இவளுக்கு வந்த கோபம் போனதாக யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை காய்கறிக்காரன் எடையில் ஏமாற்றிவிட்டான் என்று அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினாள். அவன் கடையைக் காலி செய்துகொண்டு வேறு எங்கோ போய்ச் சேர்ந்த பிறகும் சுற்றுவழியாகத்தான் போனாள். "அந்தத் தெருவே எனக்குப் பிடிக்கல" என்பாள். தெரு என்ன பாவம் செய்தது என்று திருப்பிக் கேட்க வீட்டில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

பெரியவள் என்றால் அந்த வீட்டின் மூத்த மருமகள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம். இரண்டாவது மாடி, மூன்று அறை, ஒரே சமையலறை. அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தம்பி பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவன். அண்ணனைக் கட்டிக்கொண்டவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டவள் சின்னவள். இந்த ஓர்ப்படிகள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஆறு வருஷமாகிறது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கொடியில் துணி காயப்போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆறு வருஷம் ஓட்டுவது லேசான காரியமில்லை. அதற்கென்று ஒரு வைராக்கியம் வேண்டும். அது இருவரிடமும் தாராளமாக இருந்தது.

சண்டைக்குக் காரணம் பல். பெரியவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன் மேல் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, முழு வாயையும் செய்து திருப்பி அனுப்புவது இவர்கள் வேலை. சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், உறவுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல் ஒன்று சொன்னாள்: "அக்கா ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறாங்க, ஆனா அவங்க பல்லை மட்டும் இந்த வீட்ல யாருமே பார்த்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளின் கணவர் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பெரியவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். கணவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு காஸ் தீர்ந்துபோனதால் பேசினாள். சின்னவளோடு பேச அப்படி எந்தத் தேவையும் வரவில்லை. சின்னவளும் ஆரம்பத்தில் இரண்டு முறை "அக்கா, விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். முதுகுதான் பதில் சொன்னது. சரிதான் போ என்று அவளும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்த மகாபுத்திசாலிகள் அந்த அண்ணனும் தம்பியும்தான். புத்தி அவர்களுடையது, மிதிப்பது இவர்களுடையது. யோசனை என்னவோ கேட்க நன்றாகத்தான் இருந்தது. சின்னவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. சாயங்காலம் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய், அதை மடக்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி மிதிப்பாள். காலையில் அதே வழியில் திரும்புவாள். அவள் வந்து வைத்ததும் பெரியவள் எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு அப்பால் இருக்கும் பல் கூடத்துக்குப் போவாள். சாயங்காலம் கொண்டுவந்து வைப்பாள். சைக்கிள் ஓய்வில்லாமல் ஓடும். மடக்கு சைக்கிள் என்பதால் மேலே தூக்கி வந்தால், வீட்டு வாசலை ஒட்டிய மாடிப்படி முகப்பில் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கும் பொந்தில் அடங்கிவிடும்.

பேச்சுதான் இல்லையே தவிர, சைக்கிள் வழியாகச் சண்டை தினமும் நடந்தது. சின்னவள் நெடுநெடுவென்று உயரம். அவள் சீட்டை ஏற்றி வைப்பாள். பெரியவள் முணுமுணுத்துக்கொண்டே இறக்குவாள். இறக்கியபின் கிளிப்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிவிட்டு வருவாள், அடுத்தவள் நகம் பேர்ந்து கஷ்டப்படட்டும் என்று. சின்னவள் பதிலுக்கு மழையில் நனைந்த சைக்கிளைத் துடைக்காமல் வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். காற்று குறைந்தால் யார் அடிப்பது என்பதற்காகவே டயர் பல நாள் பாதி வயிற்றோடு ஓடியது.

இதெல்லாம் போகட்டும். ஓர்ப்படிகள் இல்லாத ஊர் எது. பெரியவளுக்கு உண்மையான ஆபத்து வந்தது விரலில்.

அந்த சைக்கிளுக்கு ஹேண்டில்பார் நேர்க்கம்பி. குச்சி மாதிரி ஒரே நேர்கோடு. உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் இறங்கும். மேம்பாலம் ஏறி இறங்கிக் கூடத்துக்குப் போய்ச் சேரும்போது பெரியவளின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய்விடும். முதலில் உதறினால் சரியாயிற்று. பிறகு உதறியும் சரியாகவில்லை. ஒருநாள் மெழுகுக் கத்தி வழுக்கி, நட்டு முடித்திருந்த முன்பல் வரிசையையே வகுந்துகொண்டு போனது.

முன்பல் மேசை என்பது அந்தக் கூடத்தில் பெரிய இடம். கடைவாய்ப் பல்லை யார் வேண்டுமானாலும் நடலாம், மென்றால் சரி. மேல்வரிசை முன்பல் ஆறும் அப்படியில்லை. ஒரு மனுஷன் வாயைத் திறந்தால் முதலில் தெரிவது அது. ஒரு பல்லை நூலளவு திருப்பி வைத்தால்தான் பல் மாதிரி இருக்கும். ஆறையும் நேராக வைத்தால் வேலி மாதிரி இருக்கும். பெரியவள் எடுபிடியாகச் சேர்ந்து, தட்டுக் கழுவி, பிளாஸ்டர் கலக்கி, கடைவாய் மேசையில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் இடுப்பொடியக் குனிந்து அந்த மேசைக்கு வந்தவள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வீட்டில் அவள் சிடுமூஞ்சி. கூடத்தில் அவள்தான் முன்பல் அக்கா.

கூடத்துக்காரர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் இவளும் திட்டியிருக்கலாம். "கை சரியாகற வரைக்கும் பிளாஸ்டர் பக்கம் பாருங்கம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். முன்பல் மேசையில் ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். எந்நேரமும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பவள். பெரியவள் வெள்ளைப் புழுதியில் நின்று பிளாஸ்டர் கட்டியைச் சீவினாள். தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் அழுதாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல், ஆத்திரம் ஆத்திரமாக அழுதாள்.

ஹேண்டில்பாரை மாற்றினால் போதும். அதைச் சின்னவளிடம் சொல்ல வேண்டும். சைக்கிளில் பாதி அவளுடையது. பெரியவள் கணவரிடம் சொன்னாள், கணவர் தம்பியிடம் சொன்னார், தம்பி அவன் பெண்டாட்டியிடம் சொன்னான். இத்தனைக்கும் நாலு பேரும் ஒரே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் மடிப்பதை நிறுத்தாமல் தன் கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "ரயில்ல கடைசி சீட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. சைக்கிள் அதுக்குள்ள போனாத்தான் டிக்கெட் பாக்கறவர் விடுவார். அகலமா எதையாவது மாட்டினா என்னை நடுவழியில இறக்கி விட்ருவார். வேணாம்னு சொல்லிருங்க."

தம்பி அண்ணனைப் பார்த்தான். "வேணாங்கறா அண்ணே."

"காதுல விழுந்துச்சுடா" என்றார் அவர்.

"அவங்க கை மரத்துப்போறது அவங்க பிடிக்கிற பிடியில இருக்கு" என்று சின்னவள் ஒரு தலையணை உறையிடம் சொன்னாள். "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகல."

பெரியவளுக்கு உச்சி வரைக்கும் ஏறியது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மத்தியானம் கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனாள். சைக்கிள்காரர் அவளுக்கு மேல் ஒரு சிடுமூஞ்சி. கூரையிலிருந்து விதவிதமாக ஹேண்டில்பார்கள் தொங்கின. நேராக ஒன்று, நடுவில் குழிந்து இருபுறமும் எழும்புவது ஒன்று, மாட்டுக் கொம்பு மாதிரி முன்னால் வளைந்தது ஒன்று, பின்னால் வளைந்து ஆளைக் கட்டிப்பிடிக்க வருவது மாதிரி அகலமாக ஒன்று.

"கை மரத்துப்போகுது, வேற மாட்டணும்" என்றாள்.

"எங்க மரத்துப்போகுது?"

"கையில."

"கையில எங்கம்மா? பாரம் எந்த இடத்துல இறங்குது, மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்குது? ஒண்ணும் தெரியாம வந்து நின்னா நான் குறியா சொல்ல முடியும்? அதோ தொங்குது, அழகா இருக்கறதப் பாத்து வாங்கிட்டுப் போங்க. ஒரு வாரத்துல திரும்பி வந்து என்கிட்டயே சண்டை போடுங்க."

பெரியவள் அவரை முறைத்துவிட்டு வந்தாள். ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது என்ற கேள்வி மட்டும் கூடவே வந்தது. எந்த இடத்தில் அழுந்துகிறது என்று தெரியவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்கிறாள். அச்செடுக்க வேண்டும்.

கூடத்தில் கைச்சூட்டிலேயே இளகும் ஒரு மெழுகு உண்டு, அச்சுத் தட்டின் விளிம்பில் ஒட்டுவது. அன்று சாயங்காலம் கிளம்பும் முன் இரண்டு பட்டை எடுத்து, ஹேண்டில்பாரின் இரண்டு பிடியிலும் சுற்றி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். வீடு வரைக்கும் வழக்கம்போல மிதித்துப் போய், பிரித்து எடுத்து, காலையில் அந்தச் சிடுமூஞ்சியின் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று திட்டம். போகும் வழியெல்லாம் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

படியேறி மேலே வந்தால் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, தயாராக நிற்கிறாள். அன்று மேம்பால நெரிசலில் பெரியவளுக்கு நேரமாகிவிட்டது. சின்னவளுக்கு ரயில் போய்விடும். பெரியவள் சைக்கிளைத் தரையில் வைத்ததுதான் தாமதம், சின்னவள் வெடுக்கென்று தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

"நில்லு, மெழுகு இருக்கு." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் திறந்தது. திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஆறு வருஷம் கட்டிக் காத்ததை ஒரு மெழுகுக்காக விடுவதா? சின்னவளின் தலை படிவளைவில் மறைந்தது. பெரியவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் சைக்கிள் பொந்தில் இருந்தது. மெழுகும் இருந்தது, ஒரு ஓரம் மட்டும் எங்கோ உரசிச் சிராய்ந்திருந்தது. கைக்கு மெத்தென்று இருக்க ஏதோ ஒட்டியிருக்கிறாள் என்று சின்னவள் நினைத்திருப்பாள். பெரியவள் அதைப் பிரித்து எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய், பிளாஸ்டர் மேசையில் விளக்கைப் பக்கமாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

பார்த்ததுமே தெரிந்தது, இது தன் கையில்லை என்று. அவளுடைய உள்ளங்கை குட்டை. மெழுகில் இருந்தது அதைவிட ஒரு விரல்கடை நீளம். நேற்று சாயங்காலம் அவள் பதித்ததன் மேலே இரவு வேலைக்கு இன்னொரு கை போய் வந்து அதை அழித்துவிட்டுத் தன்னைப் பதித்திருந்தது. போச்சு, எல்லாம் பாழ் என்று சுருட்டி எறியப் போனவள், தொழில் புத்தியால் இன்னொரு முறை பார்த்தாள்.

உள்ளங்கையின் வெளி மேட்டில் ஆழமான குழி. மெழுகு அடிவரைக்கும் நசுங்கி, கீழே இருந்த பிடியின் கோடுகள் தெரிந்தன. முதல் மூன்று விரல்களும் இறுக்கிப் பிடித்த பள்ளங்கள். அதற்கு அடுத்து ஒன்றுமில்லை. மோதிர விரல், சுண்டு விரல், இரண்டும் பதியவே இல்லை. வலது பட்டையிலும் இல்லை, இடது பட்டையிலும் இல்லை. அந்த நாலு விரலும் வெறுமனே கம்பி மேல் கிடந்திருக்கின்றன.

பெரியவளுக்கு ஒரு கையில்தான். அதுவும் உதறினால் கொஞ்சம் உயிர் வரும். இவளுக்கு இரண்டு கையிலும் போயிருக்கிறது. 'எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகல' என்று சொன்னவள்.

ஐயோ பாவம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தால் இந்தக் கதையே வேறு. தோன்றவில்லை. மாட்டினாயா என்றுதான் தோன்றியது. நெஞ்சுக்குள் குளிர்ந்துபோய்விட்டது.

மத்தியானம் மெழுகை எடுத்துக்கொண்டு சைக்கிள்காரரிடம் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை எப்படி எடுத்தாள் என்று கேட்க ஆசை இருந்திருக்கும், கேட்கவில்லை.

"யார் கை இது?"

"எங்க வீட்ல ஒருத்தி."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க முதல்ல. இது ரொம்ப முத்திப் போச்சு." உள்ளே போய் ஒரு ஹேண்டில்பாரைத் தேடி எடுத்துவந்தார். நேர்க்கம்பி மாதிரிதான் இருந்தது, நுனிகள் மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தன. பிடிகள் தட்டையாக, உள்ளங்கை உட்காரும்படி அகலமாக இருந்தன. "இது போதும். பாரம் பரவிடும், மணிக்கட்டு நேரா நிக்கும். உங்களுக்கும் ஆகும், அவங்களுக்கும் ஆகும்."

"மடக்கினா?"

"இப்ப இருக்கற அகலம்தான். எங்க வைக்கிறீங்களோ அங்கயே போகும்."

பெரியவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு தானாக நேரானது. விரல் ஐந்தும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. வாங்கி மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ரயில் சந்துக்குள் அது போயிருக்கும், சின்னவள் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். ஒரு கம்பியோடு முடிந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். யோசிக்க ஒன்றுமில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஹேண்டில்பார் இல்லை. நாலு பேர் முன்னால், சாப்பாட்டு மேசையில், அன்றைக்குத் தன்னைச் சந்தி சிரிக்க நிறுத்தினாளே, அதேபோல் அவளை நிறுத்த வேண்டும். அதற்கு ஆறு வருஷம் காத்திருந்தாள்.

சின்னவளுக்கு வார விடுமுறை வந்தது. நாலு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவள் பரிமாறி முடித்துவிட்டு, அந்த மெழுகுப் பட்டைகளைக் கொண்டுவந்து குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் கணவர். ஏதோ தின்பண்டம் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

"சைக்கிள் பிடியில எடுத்த அச்சு" என்றாள் பெரியவள். கொழுந்தனைப் பார்த்துத்தான் பேசினாள். "என் கை இல்ல தம்பி, என் கை இவ்வளவு நீளம் கிடையாது. பாருங்க, மூணு விரல்தான் பதிஞ்சிருக்கு. மத்த ரெண்டும் செத்துக் கிடக்கு. ரெண்டு கையிலயும். எனக்கு ஒரு கைதான். ஒண்ணும் ஆகலைன்னு சொன்னவங்க யாருன்னு நீங்களே கேளுங்க."

சின்னவள் மெழுகைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனாள்.

"அது என் கை இல்ல" என்றாள்.

"காட்டு" என்றான் அவள் கணவன்.

"சாப்பிடும்போது என்ன இது. அப்புறம் பாக்கலாம்."

"கையக் காட்டுன்னு சொல்றேன்ல."

அவள் காட்டவில்லை. அவன் எழுந்து வந்து அவள் வலது கையைப் பிடித்து மேலே எடுத்து, மெழுகின் மேல் வைத்தான். பள்ளம் பள்ளமாகப் பொருந்தியது. சுண்டு விரலை நகத்தால் அழுத்தினான். "தெரியுதா?" என்றான். இன்னும் அழுத்தினான், நகம் பதிகிற அளவுக்கு. "தெரியுதாடி?" அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தாள்.

பெரியவள் ஜெயித்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் பேச்சு ஹேண்டில்பாருக்கு வரவேயில்லை. தம்பிக்குப் பெண்டாட்டி இரவு வேலைக்குப் போவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இருட்டியதும் அவள் படியிறங்குவது அவனுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது; காரணம்தான் கிடைக்கவில்லை. இப்போது மேசை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "ரொட்டி அறுக்கற மெஷின்ல நிக்கறவ நீ" என்றான். "விரல் இருக்கா போச்சான்னே தெரியாம அங்க கையை விடுவியா? இனிமே போக வேணாம்."

"போவேன்" என்றாள் சின்னவள்.

"அவன் சொல்றதும் நியாயம்தானம்மா" என்றார் அண்ணன், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

போவேன் என்று அவள் சொன்னதால், மறுநாள் காலையிலேயே அவன் தொழிற்சாலைக்குப் போய் மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் ரொம்ப நன்றி என்று சொல்லி, அவளை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். விரலில் உணர்ச்சி இல்லாதவளை வைத்திருந்து நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது? வேறு இடம் காலியில்லை. அவளுடைய மேலங்கியையும் தொப்பியையும் ஒரு பையில் போட்டு இவன் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

சைக்கிள் முழுசாகப் பெரியவளுடையதாயிற்று. சைக்கிள்காரர் அந்தச் சாய்ந்த நுனி ஹேண்டில்பாரை எடுத்தார்.

"அது வேணாம்" என்றாள். "பின்னால வளைஞ்சு அகலமா இருக்கே, அதை மாட்டுங்க."

"அது மடக்கினா ஒரு முழம் வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும். ரயில்ல விட மாட்டாங்க."

"இனிமே ரயில் இல்ல."

மாட்டிக்கொண்டு மிதித்தால் ராஜபோகம். முதுகு நிமிர்ந்தது, கை இடுப்புயரத்தில் சாவகாசமாக நின்றது. சில வாரங்களில் விரல்களுக்கு உயிர் திரும்பியது. சூயிங்கம்காரி நட்ட முன்பல் ஒன்று கோணலாக இருக்கிறதென்று ஒரு டாக்டர் திருப்பி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கூடத்துக்காரர் பெரியவளைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, நீட்டிய கையில் மெழுகுக் கத்தியைக் கொடுத்தார். முன்பல் மேசை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே மேம்பாலம் ஏறியிருப்பாள், பாட்டு எதுவும் தெரியாததால் பாடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த உற்சாகம் வடிந்துவிடும். ஏனென்றால் கதவைத் திறப்பது சின்னவள். முன்பெல்லாம் இவள் வரும்போது அவள் கிளம்புவாள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் கண்ணில் பட்டால் அதிகம். இப்போது எந்நேரமும் அங்கேயே இருந்தாள். டாக்டரிடம் போனார்கள், கட்டுப் போட்டார்கள், ராத்திரியில் மாட்டிக்கொள்ள உறை கொடுத்தார்கள். விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. தேறியும் அவன் விடவில்லை. பகல் வேலைக்கு ஒரு துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்றாள். கை ஜாக்கிரதை என்றான். ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்றாள். கை ஜாக்கிரதை என்றான். தோழியைப் பார்க்கக் கை எதற்கு என்று சமையலறையில் நின்ற பெரியவளுக்கே ஆத்திரம் வந்தது.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "தம்பி, அவளுக்குத்தான் கை தேறிடுச்சே. பகல் வேலைக்காவது அனுப்புங்க. நாள் பூரா வீட்ல உக்காந்து என்ன பண்ணுவா?"

அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே சிரித்தான். "நீங்க மட்டும் அன்னிக்குக் காட்டலைன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது அண்ணி. நான் சொன்னா கேக்கற ஆளா அவ? உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

பெரியவளுக்குச் சாட்டையால் அடித்தது போல் இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த நன்றி மாதிரி சுட்டதில்லை. இவனுக்காகவா ஆறு வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்தாள். சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். பல நாள் படியேறும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருவாள்; கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய்விடுவாள். சின்னவளும் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

ஒரு சாயங்காலம் பெரியவள் சைக்கிளை மடக்கிப் பொந்தில் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த அகல ஹேண்டில்பார் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. சின்னவள் குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். வழியை அடைத்துக்கொண்டு சைக்கிள் நின்றதால் அவளும் நிற்க வேண்டியதாயிற்று. பெரியவள் தள்ளினாள், போகவில்லை. மறுபடி தள்ளினாள்.

"விரல் சரியாயிடுச்சா?" என்று சின்னவள் கேட்டாள்.

பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தன்னைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தபோது கை நின்றுவிட்டது.

"ம்" என்றாள்.

"அன்னிக்கு அந்த மெழுகப் பாத்ததுமே என் கைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்லையா?"

"தெரிஞ்சிருச்சு."

"எவ்வளவு மோசமா இருக்குன்னும் தெரிஞ்சிருச்சு."

"ஆமா."

சின்னவள் குரலை உயர்த்தவில்லை. உள்ளே அவள் கணவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒரு வருஷமா பல்லக் கடிச்சுக்கிட்டு மிதிச்சேன். தெரிஞ்சா நிறுத்திருவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க என்னைத் தனியா கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே அக்கா. நானே உங்களோட கடைக்கு வந்து மாத்தியிருப்பேனே."

பெரியவள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கடைசியில் இருந்ததைச் சொன்னாள்.

"நாமதான் பேசறதில்லையே."

சின்னவள் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஹேண்டில்பாரைக் காலால் ஒதுக்கி வழி செய்துகொண்டாள்.

"அதான் இப்பப் பேசறோமே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.